அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்: கல்லீரலுக்காகச் சாப்பிடும் சாப்பாடு

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துக்கொண்டு வீடு திரும்பும்போது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் அது. என் கணவருக்குக் கொடுத்ததை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டிவைத்தோம். அதில் எழுதியிருந்தபடியே நடப்பதாக நம்பி அவர் சோற்றை அறவே நிறுத்தினார். காலையில் மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி, மதியம் இரண்டு ரொட்டி, இரவில் உருளைக்கிழங்கு போட்ட பருப்பு, பசித்தால் வாழைப்பழம், தாகத்துக்குப் பழச்சாறு என்று பதினான்கு நாள்கள் ஓடின. எடையும் இரண்டு கிலோ இறங்கியிருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அறுவை அன்று, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்திப் பார்த்த மருத்துவர், இரைப்பையைத் தொடாமலேயே துளைகளைத் தைத்து மூடிவிட்டார். பிறகு எங்களிடம் ஒரு படத்தைக் காட்டினார். மஞ்சள் பூத்த நிறத்தில், விளிம்பெல்லாம் உருண்டு தடித்த கல்லீரல் இரைப்பையின் மேல் படுத்திருந்தது. அதைத் தூக்கிப் பிடிக்க முயன்றால் கிழிந்து இரத்தம் கொட்டும் என்பதால் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "கார்போஹைட்ரேட்டைக் குறைக்கவும்", அதாவது மாவுச்சத்து, சர்க்கரை எல்லாவற்றையும் குறைக்கவும் என்று தாளில் இருந்ததை நாங்கள் "சோற்றைக் குறைக்கவும்" என்று படித்திருக்கிறோம். நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று எவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நாங்களும் ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை. டர்பனிலும் அதைச் சுற்றியும் இருக்கிற தமிழ் வீடுகளில் இன்னொருவருக்கு இப்படி நேரக்கூடாது என்பதற்காகவே, இரண்டாம் முறை சரியாகச் செய்து முடித்தபோது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவரும் டயட்டீஷியனும் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர்கள் சொல்வதையே பின்பற்றுங்கள். அவர்கள் சொல்வது ஏன் என்று விளங்குவதற்கு இக்கட்டுரை உதவட்டும்.

கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் என்ன தொடர்பு

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடியவாறு இருக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறையானாலும், சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையானாலும், மருத்துவர் முதலில் அந்த மடலை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்தாக வேண்டும். உடல் பருத்தவர்களில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது கனத்துப் பெருத்து, எளிதில் கிழியக்கூடியதாக இருக்கும். அப்போது சிறு துளை வழியாகச் செய்ய வேண்டியதை வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்ய நேரலாம், அல்லது எங்களுக்கு நேர்ந்ததுபோல் கைவிட நேரலாம்.

நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்து வருவது குறைந்தால் உடல் முதலில் இந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறது, கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது; அதற்கடுத்துக் கல்லீரலில் படிந்த கொழுப்பும் கரையத் தொடங்குகிறது. கல்லீரல் சுருங்குவதில் பெரும்பங்கு முதல் இரண்டு வாரங்களிலேயே நடந்துவிடுகிறது என்பதால்தான் பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரம் என்று வைத்திருக்கிறார்கள். எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கு நான்கு வாரம் சொல்வதுண்டு. என் கணவருக்கு இரண்டாம் முறை நான்கு வாரம் கொடுத்தார்கள்.

ஆகவே இந்த உணவின் வேலை தராசு முள்ளை இறக்குவதன்று. எடை இறங்குவது கூடவே வருவது. கல்லீரல் சுருங்குவதே நோக்கம். இதை வீட்டில் சமைப்பவரும் சேர்ந்து புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

விரதம் வேறு, இது வேறு

நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காவடிக்குப் பத்து நாள், புரட்டாசிக்கு ஒரு மாதம் என்று விரதம் பிடித்துப் பழகியவர்கள் நாம். "எனக்கு விரதம் இருக்கத் தெரியாதா, இரண்டு வாரம் என்ன பெரிய விஷயம்?" என்று எண்ணி, பகலெல்லாம் பாலும் பழமும் குடித்து, ஒரு வேளை மட்டும் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டுக் கடத்தப் பார்ப்பார்கள். சாமிக்கு அந்த விரதம் நிறைவானது. கல்லீரலுக்கோ அது நேர் எதிரானது, ஏனென்றால் விரதச் சாப்பாட்டிலிருந்து நாம் விலக்குவது இறைச்சியையும் மீனையும் முட்டையையும், அதாவது புரதத்தை. அந்த இடத்தை நிரப்புவது அரிசி, கிழங்கு, பழம், வெல்லம், அதாவது மாவும் சர்க்கரையும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழும் அந்த வகையே.

பட்டினியும் இதற்கு மாற்றாகாது. புரதம் போதாமல் பட்டினி கிடந்தால் உடல் தன் தசையைக் கரைத்துத் தின்னும். அறுவைக்குப் பின் காயம் ஆறுவதற்கும் எழுந்து நடப்பதற்கும் அந்தத் தசைதான் வேண்டும்.

அறுவைத் தேதி கேட்கும்போது நாள்காட்டியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காவடி விரதமோ, ஈஸ்டர் வெள்ளிக்கிழமை இசிபிங்கோ மாரியம்மன் கோயில் நேர்த்தியோ இந்த இரண்டு வாரங்களின்மேல் வந்து விழாதபடி தேதி வாங்குவது நல்லது. குறைந்த கலோரியில் இருக்கும் உடம்போடு வெயிலில் அலகு குத்திக் காவடி எடுப்பது ஆபத்து. நீர் வற்றி மயங்கி விழலாம், அலகு குத்திய இடம் புண்பட்டால் அறுவையே தள்ளிப்போகும். நேர்த்தியை அடுத்த ஆண்டு செலுத்தலாம் என்று எங்கள் கோயில் குருக்களே சொன்னார்.

தொடங்குவதற்கு முன் மருந்துப் பட்டியல்

இதை உணவுக்கு முன்னால் வைக்கிறேன், ஏனென்றால் தவறினால் உயிருக்கு ஆபத்து நேரக்கூடியது இதில்தான். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைக் குறைத்த மறுநாளே சர்க்கரை தாழ்ந்து விழ வாய்ப்புண்டு. அளவை எவ்வளவு குறைப்பது என்பதை உணவு தொடங்கும் தேதிக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இங்குள்ள அளவுகோலில் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தச் சர்க்கரைத் தண்ணீரால் உணவுமுறை கெட்டுவிடுமோ என்று எவரும் தயங்க வேண்டாம்.

எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற வகை மாத்திரைகள் எடுப்பவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாவுச்சத்து குறைந்த நிலையில் இவை இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அசிடோசிஸ் என்ற நிலையை உண்டாக்கலாம், அதுவும் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே உண்டாக்கலாம். அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு இவற்றை நிறுத்துவது வழக்கம். குறைந்த கலோரி உணவு தொடங்கும்போதே நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மயக்க மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அந்த மருந்தின் வேலை மாறும்; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அலமாரியிலிருந்து எவற்றை எடுத்து வைப்பது

பெரும்பாலான உணவுத் திட்டங்கள் நாளொன்றுக்கு 800 முதல் 1200 கலோரி, புரதம் 60 முதல் 80 கிராமுக்குக் குறையாமல், மாவுச்சத்து 100 கிராமுக்குள் என்ற எல்லைக்குள் அமைந்திருக்கும். இந்த எண்கள் நம் சாப்பாட்டில் என்ன ஆகின்றன என்று பார்த்தால்தான் மனத்தில் பதியும். கடையில் கால் 'பன்னி சௌ' (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பித் தருவது) வாங்குகிறோம். 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்றால் 175 கிராம். கறியைச் சேர்க்காமல் அந்த வெள்ளை ரொட்டியில் மட்டும் ஏறத்தாழ 85 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உட்கார்ந்து எழும் நேரத்தில் ஒரு நாள் கணக்கு முடிந்துபோகிறது. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தபிறகு பல கூல்டிரிங்குகளில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறார்கள் என்றாலும், குறைந்தது வேறு, இல்லாதது வேறு. புட்டியின் பின்புறம் "கிளைசீமிக் கார்போஹைட்ரேட்" (செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகும் மாவுச்சத்து) என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படிக்கப் பழகுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: அரிசி, ரொட்டி மாவு, மீலி மீல், சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), பாஸ்தா, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், பழச்சாறு, ஜாம், பிஸ்கட், சர்க்கரை. நம் வீடுகளில் காய்கறி என்ற பெயரில் உள்ளே வந்துவிடும் மடும்பி எனும் சேப்பங்கிழங்கையும் இதில் சேருங்கள். சுகர் பீன்ஸ் என்ற உலர்ந்த பயற்றின் கறியும் பருப்பும் புரதம்தானே என்று கேட்பார்கள். புரதம் உண்டு, ஆனால் ஒரு கோப்பை வெந்த சுகர் பீன்ஸில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாவுச்சத்தும் உண்டு; இறைச்சி உண்பவர்கள் இந்த இரண்டு வாரம் அதை ஒதுக்கிவிடுவதே எளிது. மது அறவே கூடாது, அது நேரே கல்லீரலுக்குப் போகிறது. புகைப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பன் கறி என்றால் மேலே எண்ணெய் மிதக்க வேண்டும் என்று என் மாமியார் சொல்வார். கரும்புத் தோட்டத்தில் விடியலிலிருந்து வெட்டியவர்களுக்கு அந்தச் சாப்பாடு தேவைப்பட்டது. தட்டு அப்படியே இருக்கிறது, அந்த உழைப்பு இப்போது இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நான் சட்டியில் எண்ணெயைச் சாய்ப்பதை விட்டுவிட்டு, காலையிலேயே இரண்டு தேக்கரண்டி எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பருகில் வைத்துவிடுவேன். என் கணவருடைய அன்றைய எண்ணெய் அவ்வளவுதான். வெங்காயத்தை அரைத் தேக்கரண்டி எண்ணெயில் போட்டு, ஒட்டத் தொடங்கும்போது இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து மூடி வதக்கினால் மசாலா அடிப்பிடிக்காது. மசாலாத் தூளுக்கும் பூண்டுக்கும் கறிவேப்பிலைக்கும் எந்தத் தடையும் இல்லை என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. அவித்த கோழியை உப்பு மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் மூன்றாம் நாளே தட்டைத் தள்ளியிருப்பார்.

ஒரு நாள் எப்படி இருந்தது

காலையில் இரண்டு முட்டை, அவித்தோ எண்ணெயில்லாமல் கிளறியோ, கூடவே பால் சேர்க்காத ரூயிபோஸ் தேநீர். ரூயிபோஸில் காஃபின் இல்லை என்பதால் நாளெல்லாம் குடிக்கலாம். பதினோரு மணிக்குக் கொழுப்புக் குறைத்த மாஸ் (புளித்த பால்) 250 மில்லி, சர்க்கரை இல்லாமல், கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் நறுக்கிப்போட்டு மோர்போல. மதியம் தோல் நீக்கிய கோழி, வெந்தபின் 120 கிராம், தட்டில் பாதிக்கு முட்டைக்கோஸ் அல்லது பச்சை பீன்ஸ், வினிகரில் ஊறிய வெங்காயச் சம்பல். நான்கு மணிக்கு இனிப்புச் சேர்க்காத தயிர் ஒரு சிறு கிண்ணம். இரவில் ஹேக் மீன் 120 கிராம் புளிக்குழம்பாக, கத்திரிக்காயோ சுரைக்காயோ கீரையோ ஒரு பெரிய கிண்ணம். இவ்வளவும் சேர்ந்து புரதம் 80 கிராமைத் தாண்டும். கலோரி 900-ஐ ஒட்டி நிற்கும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கண் அளவு நம்பத்தக்கதன்று. நான் 120 கிராம் என்று எண்ணி எடுத்த முதல் துண்டு 210 கிராம் இருந்தது.

டின் பில்சார்டு மீன் வேண்டுமானால் தக்காளிச் சாற்றை வடித்துவிட்டுச் சேர்க்கலாம். பில்டாங்கில் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில்) புரதம் நிறைய உண்டு, உப்பும் அவ்வளவுக்கு உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

சைவர்களுக்கு இது கடினம், ஆனால் முடியும். 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் கிடைக்கும். டோஃபு, மாஸ், தயிர், அளந்த பனீர், அரைக் கோப்பை பருப்பு ஆகியவற்றைக் கொண்டு திட்டம் போடலாம். பனீரில் கொழுப்பு அதிகம் என்பதால் அளவு முக்கியம். நீண்ட நாள் சைவர்களுக்கும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அறுவைக்குப்பின் அது மேலும் குறையும். முன்பே இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்தையும் வைட்டமின் டி-யையும் சேர்த்து. சில மருத்துவமனைகளில் உணவுக்குப் பதிலாகப் புரதப் பானப் பொடிகளை மட்டும் குடிக்கச் சொல்வார்கள். அப்படியானால் சொன்ன பொடியை, சொன்ன அளவில் குடியுங்கள். ஜிம் கடையில் விற்கும் எடை ஏற்றும் பொடியை அதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள், அதில் பெரும்பங்கு மாவுதான்.

முதல் நான்கு நாள்கள்

இரண்டாம் நாள் மாலை என் கணவருக்குத் தலைவலி வந்தது. மூன்றாம் நாள் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தார். சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்து உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது இப்படித்தான் இருக்கும். வாயில் ஒரு வாடையும் வரும். கூடவே நீரும் உப்பும் வெளியேறுவதால் நாளுக்கு இரண்டு லிட்டராவது குடிக்க வேண்டும். எண்ணெய் எடுத்த மெல்லிய ரசமும் கோழிச் சாறும் தலைவலிக்கு மாத்திரையைவிட நன்றாகக் கேட்டன. சிறுநீரகத்திலோ இதயத்திலோ கோளாறு உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும் புரதத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக்கூடாது. மலச்சிக்கல் வரும், காய்கறியைக் கூட்டிப் பாருங்கள், தீராவிட்டால் மருந்து கேளுங்கள். ஐந்தாம் நாள் காலையில் பசி அடங்கிவிட்டதாக அவரே வியந்து சொன்னார். அதுவரை தாங்கிக்கொண்டால் பிறகு வழி எளிது. ஆனால் நெஞ்சு படபடப்பு, மயக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விருந்தும் உறவும்

உணவு தொடங்கும் முன் "கடைசியாக ஒரு தடவை" என்று பிரியாணி விருந்து வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் அப்படி உண்டால் கல்லீரல் இன்னும் பெருத்த நிலையிலிருந்து புறப்பட வேண்டியிருக்கும். வேண்டாம். நடுவில் கல்யாணமோ கருமாதியோ வந்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். "ஒரு வாய்தானே, அத்தை கையால் சாப்பிட மாட்டாயா?" என்று கேட்பவர்களிடம் அறுவையைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லையென்றால், கல்லீரலில் கொழுப்பு இருப்பதால் மருத்துவர் தடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அது உண்மைதான், அதற்குமேல் எவரும் வற்புறுத்துவதில்லை.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அடுத்த வேளையிலிருந்து திட்டத்துக்குத் திரும்புங்கள். பல நாள் தவறியிருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேதியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள் என்ற அச்சமும், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அனுமதியை மறுபடி வாங்க வேண்டுமே என்ற கவலையும் எனக்குப் புரிகின்றன. மயக்க மருந்து கொடுத்துத் துளையும் போட்டபிறகு திரும்பி வருவதைவிட ஒரு வாரம் காத்திருப்பது மேல்.

பழக்கங்களும் கடைசி நாளும்

அறுவைக்குப்பின் செய்தே தீர வேண்டியதை இப்போதே பழகலாம்: சிறு தட்டு, ஒவ்வொரு வாயையும் இருபது தடவைக்குக் குறையாமல் மெல்லுதல், சாப்பிடும்போது குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடித்தல், வாயு நிறைந்த பானங்களை விடுதல். இவற்றில் மெல்லுவதுதான் என் கணவருக்குக் கடைசிவரை கடினமாக இருந்தது.

கடைசி நாளில் பல மருத்துவர்கள் நீர்ம உணவு மட்டும் சொல்வார்கள். பொதுவாகக் கெட்டியான உணவை மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். உங்களுக்குச் சொன்ன நேரம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே கணக்கு. பால் கலந்த தேநீர் தெளிந்த நீராகாது, அது உணவு. விடியற்காலையில் பழக்கத்தில் ஒரு கோப்பை பால் தேநீர் குடித்துவிட்டால் அறுவை தள்ளிப்போகும் என்பதால், அந்த இரவே நான் கெட்டிலை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

முந்தைய வார இறுதியில் இன்னொரு வேலையும் செய்துவைத்தேன். எலும்போடு கோழியை இஞ்சி, பூண்டு, மஞ்சள் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்து, துணியில் வடிகட்டி, 100 மில்லி கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மிளகாய் சேர்க்கவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் முதல் நாள்களில் அவரால் குடிக்க முடிந்தது ஒரு வேளைக்கு அதில் ஒரு கிண்ணம்தான், அதையும் கரண்டி கரண்டியாக, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு.